வாயை ஊதிக் காட்டு

பிள்ளையள், ஒரு நாள் வந்து கதைக்கச் சொல்லி என்னைக் கேட்டனீங்கள். மைக்கைக் கையில தந்தால் எனக்குக் கோபம் வந்திடும், பிறகு கதை எங்கயோ போயிடும். அதால எழுதியே தாறன். எடைக்கும் உயரத்துக்கும் கணக்குப் பாக்கிறது, சாப்பாட்டு அட்டவணை போடுறது எல்லாத்திலயும் நீங்கள் என்னை விடக் கெட்டிக்காரர். அதை விடுங்கோ. ஆஸ்பத்திரியில சாப்பாட்டு ஆலோசனை சொல்லுற எங்கட வேலையில சில நேரம் சின்ன அறைக்குள்ள நாலு பேர் நிண்டு எங்கட வாயைப் பாத்துக்கொண்டு நிப்பினம். சொல்லுறதோ விடுறதோ எண்டு யோசிக்க நேரம் இராது. அப்பிடி ஒரு காலமையைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல இருக்கு.

ஓய்வு எடுத்தும் பழக்கம் விடுதில்லை. பின்னேரங்களில கொழும்பு வெள்ளவத்தையில காலி வீதியால நடக்கேக்க, ரியூஷன் விட்டு வாற பிள்ளையள் கடை வாசலில ஐஸ் போட்ட ஜூசோட நிக்குங்கள். என்ர கண் அதுகளின்ர முகத்துக்குப் போகாது, கழுத்துக்குத்தான் போகும். பின்கழுத்துத் தோல் கறுத்துத் தடிச்சிருக்கோ எண்டு பாப்பன், உடம்பு சீனியைச் சமாளிக்க ஏலாமல் நிக்குது எண்டதுக்கு அது அடையாளம். ஒரு தாய்க்காரி, "என்ன அன்ரி, பிள்ளையை உப்பிடிப் பாக்கிறீங்கள்?" எண்டு கேட்டே போட்டா. கண்ணூறு படுத்த வந்த கிழவி எண்டு நினைச்சிருப்பா. நான் நடையைக் கட்டிட்டன்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில பிள்ளையின்ர ஈரலில கொழுப்பு எண்டு சொன்னால் சிரிப்பினம். நான் வெளிக்கிடுற காலத்தில அது தடிமன் காய்ச்சல் மாதிரிச் சாதாரணமாப் போச்சு. சீனியால வாறதெண்டு சொன்னாலும் சனம் நம்பாது. கொழுப்பு எண்டால் எண்ணெயாலதானே வரோணும் எண்டு வாதாடுவினம். உடம்பு செலவழிக்க ஏலாத சீனியை ஈரல்தான் கொழுப்பாக்கித் தனக்குள்ளயே வைச்சுக்கொள்ளுது எண்டு நான் எத்தினை தாய்மாருக்குச் சொல்லியிருப்பன். அதிலயும் குடிக்கிற சீனிதான் படுமோசம், வயிறு நிரம்பின மாதிரியும் தெரியாது. இது உங்களுக்குத் தெரிஞ்ச விசயம். எனக்கும் தெரிஞ்சுதான் இருந்தது. தெரிஞ்சிருந்தும் ஒரு பிள்ளை கையை விட்டுப் போகப் பாத்தது.

அவனை ரொஷான் எண்டு சொல்லுறன், சொந்தப் பேர் அதில்லை. கொழும்புதான், கொச்சிக்கடைப் பிள்ளை. ஓஎல் சோதனை எழுதுற வருஷம், பதினோராம் வகுப்பு. நல்ல உடம்பு, கழுத்து கறுத்திருந்தது. ஸ்கான் செய்து பாத்தால் ஈரலில கொழுப்பு. ரத்தத்தில ஈரல் பழுதைக் காட்டுற அளவும் கூடியிருந்தது. தகப்பன் துறைமுகத்தில சாமான் களஞ்சியத்தில வேலை. தாய் வீட்டில. முதல் நாள் டொக்டர் என்னட்ட அனுப்பேக்க பெடியன் ஒளிப்பு மறைப்பில்லாமல் எல்லாத்தையும் சொன்னான். பள்ளிக்கூடம் விட்டு வாற வழியில சோடா, வீட்ட வந்து சீனி கலந்த ரின்பால் விட்ட தேத்தண்ணி, ரியூஷனுக்குப் போகேக்க ஜூஸ் பக்கெட். அவ்வளவையும் நிப்பாட்டச் சொன்னன். "சரி மிஸ்" எண்டான். தாயும் தலையாட்டினா.

அடுத்த முறை வரேக்க அந்த அளவு குறையேல்ல. கூடியிருந்தது.

எங்கட டொக்டர் நல்ல மனிசன், கெட்டிக்காரன், ஆனால் அவசரக்காரன். சிங்கள ஆள். தமிழ் கொஞ்சம் விளங்கும். சோடா விட்டாச்சு, தேத்தண்ணிச் சீனி விட்டாச்சு, பிறகும் ஏன் ஏறுது எண்டு யோசிச்சவர், பெடியனிட்ட நேராக் கேட்டார். குடிக்கிறனியோ? பியரோ, சாராயமோ, கூட்டாளிமாரோட? கேக்க வேண்டிய கேள்விதான். வளர்ந்த பிள்ளையளிட்ட நீங்களும் கேக்கோணும். ஆனால் தனியக் கூப்பிட்டுக் கேக்கோணும். அவர் தகப்பனை வைச்சுக்கொண்டு சிங்களத்தில கேட்டார். கொச்சிக்கடைக்காரருக்குச் சிங்களம் விளங்காதெண்டு நினைச்சாரோ, இல்லை ஒண்டும் நினைக்கேல்லையோ தெரியாது.

அந்த வீட்டுக் கதையை நான் பிறகுதான் அறிஞ்சன். தகப்பன் ஒரு காலம் நல்லாக் குடிச்ச ஆள். இவனைக் கைப்பிள்ளையாத் தூக்கிக்கொண்டு அந்தோனியார் கோயிலில போய் நேர்த்தி வைச்சுக் குடியை விட்டவர். அவற்ற தமையன் விடேல்ல. வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, ஈரல் கருகித்தான் போய்ச் சேர்ந்தவர். அப்ப அந்த வீட்டில ஈரல் எண்ட சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். டொக்டர் கேட்ட கேள்வி அந்த மனிசனுக்குக் கேள்வியாப் படேல்ல, தீர்ப்பாப் பட்டிட்டுது.

அண்டையில இருந்து வீட்டு வாசலில ஒரு சோதனை. பெடியன் ரியூஷன் விட்டு வந்தால் தகப்பன் குனிஞ்சு முகத்தை நீட்டுவார். "வாய ஊது." அவன் ஊதிக் காட்டோணும். மணம் இல்லாட்டில் உள்ளுக்குப் போகலாம். அவர் வேலையில நிண்டால் வந்தாப்பிறகு எழுப்பி ஊதச் சொல்லுவாராம். பக்கத்து வீட்டுச் சனம் பாத்துக்கொண்டு நிக்குமாம். ஒருநாளும் மணம் வரேல்ல. அதுவும் அவருக்குச் சந்தேகத்தைக் கூட்டினதே தவிரக் குறைக்கேல்ல. தான் குடிச்ச காலத்தில ஏலக்காய் சப்பி மணத்தை மறைச்ச ஆள் அவர்.

மூண்டாவது முறை வந்த காலமைதான் நான் சொல்ல வந்தது.

விடியவே ரத்தம் எடுத்து, காலமைக்குள்ளயே ரிப்போர்ட் வந்திட்டுது. டொக்டர் என்ர அறைக்கு நேரே வந்தார். முகம் சரியில்லை. "இன்னும் ஏறியிருக்கு மிஸ். வார்டில போட்டு எல்லாம் திருப்பிப் பாக்கோணும். அதுக்கு முதல் நீங்கள் தமிழில கதைச்சு உண்மையை எடுங்கோ. பொரு கியனவா" எண்டார். பொய் சொல்லுறான் எண்டு. சொல்லிப்போட்டுத் தன்ர அறைக்குப் போயிட்டார்.

அவையள் உள்ளுக்கு வந்தினம். பெடியன்ர தோளில ஒரு பெரிய உடுப்புப் பை. கிளினிக்குக்கு ஆர் உடுப்புப் பையோட வாறது? அவன் அதைச் சுவரோரமா வைச்சிட்டுக் கதிரை நுனியில இருந்தான். தாய் பக்கத்தில. தகப்பன் இருக்கேல்ல. கதவைப் பாத்தபடி நிண்டார்.

"இருங்கோ ஐயா" எண்டன்.

"வேணாம் மிஸ். வெளிய வான் நிக்குது. மச்சான் ஓட்டிட்டு வந்திருக்கான். நீர்கொழும்புப் பக்கம் ஒரு இடம் இருக்கு, குடிய விட வைக்கிற இடம். இண்டைக்கே கொண்டு போய் விடுறேன். நீங்க கேக்குறத கேளுங்க. சொன்னாலும் சரி, சொல்லாட்டியும் சரி."

"ஓஎல் வருதெல்லோ?"

"ஆள் இருந்தா தானே மிஸ் ஓஎல். எங்க அண்ணனும் இப்பிடித்தான், இல்ல இல்லன்னு சொல்லிக்கிட்டே போனான்."

அந்த இடம் எப்பிடிப்பட்டதெண்டு எனக்குத் தெரியும். வளர்ந்த ஆம்பிளையள், வருஷக் கணக்காக் குடிச்சு நடுங்கிற ஆக்கள் இருக்கிற இடம். அதுக்குள்ள இந்தப் பிள்ளையைத் தள்ளினால் படிப்பு மட்டும் போகாது. கொச்சிக்கடையில இருந்து மட்டக்குளி வரைக்கும் குடிகாரப் பெடியன் எண்ட பேரோடதான் பிறகு திரிவான். மெய்யைச் சொல்லுறன், அவன் குடிக்கேல்ல எண்டு எனக்கும் அப்ப நிச்சயம் இல்லை. அந்த வயசுப் பெடியள் என்ன செய்யுறாங்கள் எண்டு தாய் தகப்பனுக்கே தெரியாது, எனக்கு எப்பிடித் தெரியும்?

பெடியன் என்னைப் பாத்தான். "நான் குடிக்கல்ல மிஸ்" எண்டு ஒருக்காச் சொன்னான். பிறகு நிலத்தைப் பாத்தான்.

இந்த இடத்தில நீங்கள் என்ன செய்வியள்? டொக்டர் சொல்லிவிட்ட மாதிரிக் கேட்டிருப்பியள், ஆரோட போறனி, எங்க போறனி, உண்மையைச் சொல்லு எண்டு. எனக்கும் அது வாய் வரைக்கும் வந்தது. ஆனால் பொலிஸ் மாதிரிக் கேக்கிறதுக்கு அங்க ஏற்கெனவே ரெண்டு பேர் இருக்கினம், மூண்டாவது பொலிசா நான் என்னத்துக்கு? நான் கேட்டால் அவன் இல்லை எண்டுதான் சொல்லுவான். நான் நம்பினாலும் நம்பாட்டிலும் வான் வாசலிலதான் நிக்கும். எனக்குத் தெரிஞ்சது சாப்பாடு. நான் என்ர வேலையைப் பாப்பம் எண்டு நினைச்சன்.

"காலமையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லையோ ரொஷான்?"

"இல்ல மிஸ். ரத்தம் எடுக்கிறதால. பொறகும் சாப்பிட மனசு வரல்ல."

உதடெல்லாம் காய்ஞ்சு போய் இருந்தது. தாய்க்கு அப்பத்தான் ஞாபகம் வந்த மாதிரி எழும்பி, உடுப்புப் பையின்ர பக்கப் பொக்கெற்றுக்குள்ள கையை விட்டா. விட்ட கையை உடனே எடுத்து உதறினா. எறும்பு. சின்னச் சிவத்த எறும்பு. சுவரோரமா வரிசையா வந்து அந்தப் பொக்கெற்றுக்குள்ளதான் போய்க்கொண்டிருந்தது. அவா அதைப் பெரிசா எடுக்கேல்ல, வழக்கமாத் தட்டுறது போலத் தட்டிப்போட்டு ஒரு தண்ணிப் போத்தலை எடுத்துப் பெடியன்ர கையில குடுத்தா.

"அதில என்ன அம்மா?" எண்டு கேட்டன்.

"தண்ணி தான் மிஸ்."

"தண்ணிக்கு எறும்பு வராதே."

"தண்ணியில குளுக்கோஸ் போட்டிருக்கு. அது மருந்து தானே மிஸ். ஈரலுக்கு."

பிள்ளையள், அந்த மனிசி அதைச் சொன்ன முகத்தை நான் இண்டைக்கும் மறக்கேல்ல. அவ்வளவு நேரமும் குனிஞ்சுகொண்டு இருந்தவா அப்பத்தான் நிமிர்ந்தா. தான் சரியாச் செய்த ஒரு வேலையை ஆரோ கேட்டுப்போட்டினம் எண்ட சந்தோஷம். நான் ஒண்டொண்டாக் கேக்கக் கேக்கச் சொன்னா. காலமையில செவ்விளநீருக்குள்ள குளுக்கோஸ் கரைச்சு. மத்தியானம் கரும்புச் சாறு. பின்னேரம் சீனி போட்ட பார்லித் தண்ணி. வெளியில போகேக்க இந்தப் போத்தல். எண்ணெய் ஒரு சொட்டுச் சேர்க்கிறதில்லை. முட்டை இல்லை, பொரிச்ச மீன் இல்லை, தேங்காய்ப்பாலும் இல்லை. வெறும் சோறு, பாண், பருப்பு.

"எவ்வளவு பத்தியம் பார்த்து குடுக்கிறேன் மிஸ். ஒரு நாள் தவற விடல்ல. எங்க தம்பிக்கு செங்கமாரி வந்தப்ப எங்கம்மா இத குடுத்துத் தான் பொழைக்க வச்சாங்க."

செங்கமாரிக்கு, மஞ்சள் காமாலைக்கு, எங்கட வீடுகளில எல்லாரும் செய்யிறதுதானே அது. ஈரல் எண்டு டொக்டர் சொன்ன உடனே அவாவுக்குத் தெரிஞ்ச ஒரே ஈரல் வருத்தத்துக்கு, தெரிஞ்ச ஒரே வைத்தியத்தைத் தொடங்கியிருக்கிறா. சோடாவை விட்டாச்சு எண்டு சொன்னதில பொய் இல்லை. இனிப்பு ஒண்டும் குடுக்கிறதில்லை எண்டதிலயும் பொய் இல்லை. அவாவின்ர கணக்கில இது இனிப்பில்லை, மருந்து. எங்கட கேள்வி எல்லாம் சாப்பாட்டைப் பற்றி. மருந்தைப் பற்றி ஆர் கேட்டது? பிள்ளை சோடாவில குடிச்சதை விடக் கூடச் சீனியை ஒவ்வொரு நாளும் குடிச்சுக்கொண்டிருந்திருக்கிறான். அளவு எப்பிடி இறங்கும்?

"அம்மா, இதுதான் அவன்ர ஈரலுக்குக் கூடாது. சோடாவும் இதும் ஒண்டுதான்" எண்டு மெதுவாச் சொன்னன். எனக்கு உள்ளுக்குச் சந்தோஷம். பிள்ளை தப்பிட்டான் எண்டு நினைச்சன். அந்தச் சந்தோஷம் தகப்பன்ர முகத்தைப் பாக்கும் வரைக்கும்தான்.

அந்த மனிசன் கதவில இருந்து திரும்பி மனிசியைப் பாத்தார். சத்தம் போடேல்ல. அதுதான் எனக்குப் பயமாப் போச்சு.

"அப்ப நீ தானா?" எண்டார். "நான் என் புள்ளய சந்தேகப்பட்டு, தெருவில வச்சு வாய ஊத வச்சு... வீட்டுக்குள்ள இருந்து நீ தான் செஞ்சியா?"

அவா அவரை ஒருக்கா நிமிர்ந்து பாத்தா. போத்தலைப் பாத்தா. திருப்பி அவரைப் பாத்தா. பிறகு குனிஞ்சிட்டா. அந்தப் பார்வையில ஏதோ இருக்கெண்டு எனக்கு விளங்கினது, என்னெண்டு விளங்கேல்ல.

அதுக்கிடையில பெடியன் எழும்பிட்டான்.

"அம்மா இல்லப்பா. நான் தான் கேட்டேன். அம்மா வேணாம்னு தான் சொன்னாங்க. எனக்கு அந்த ருசி ஆச, நான் தான் களவா எடுத்துக் கரைச்சுக் குடிச்சேன்."

"பாத்தீங்களா மிஸ்" எண்டார் தகப்பன் உடனே. "களவு. நான் சொன்னேன் தானே."

இவ்வளவு காலமும் அந்தப் பிள்ளை உண்மையைச் சொன்னான், ஒருத்தரும் நம்பேல்ல. தாயைக் காப்பாத்த முதல் முதலா ஒரு பொய் சொன்னான், உடனே நம்பிட்டினம். அந்தப் பொய்யை அப்பிடியே விட்டால் அறை அமைதியாப் போயிருக்கும், தாயும் தப்பியிருப்பா. களவாக் குளுக்கோஸ் குடிச்சது குடியை விடச் சின்னக் குற்றம்தானே எண்டு ஒரு கணம் எனக்கும் தோன்றினது. ஆனால் களவு எண்ட சொல்லோட அவனை அந்த மனிசன்ர கையில குடுத்தால், வான் அவனை ஏத்தாமல் போகாது.

"ருசி எண்டால் ஏன் இன்னும் திறக்கேல்ல?" எண்டு கேட்டன்.

அவன் போத்தலைப் பாத்தான். தாகத்தில நாக்கு ஒட்டின பிள்ளை, மூடியைத் திருகாமல் அவ்வளவு நேரமும் கையில பிடிச்சுக்கொண்டு நிண்டிருக்கிறான்.

"உனக்கு இது பிடிக்காது. என்ன?"

"குமட்டிச் சத்தி வாற மாதிரி இருக்கும் மிஸ்" எண்டான். "அம்மா கஷ்டப்பட்டுத் தாறாங்க. அதால குடிச்சேன்."

இதை வாங்கிக் குடுத்தது ஆர் எண்டு கேக்க எனக்கு அப்பத்தான் மனசில பட்டது. மனிசி அவரைப் பாத்த பார்வை விளங்கினது. கேட்டால் ஒரு சொல்லில முடிஞ்சிருக்கும். கேக்கேல்ல. அந்த நேரம் அவரைச் சுவரோட சாத்தியிருந்தால் அவர் பெடியனைக் கையில பிடிச்சு இழுத்துக்கொண்டு வெளியில போயிருப்பார். ரோசக்கார மனிசன். அதால நான் வேற சொன்னன். "ஐயா, இதில ஒருத்தரிலயும் பிழையில்லை. செங்கமாரிக்கு எங்கட அம்மாவும் எனக்கு இதைத்தான் தந்தவா. ஈரல் எண்டு சொன்ன நாங்கள்தான் அது வேற, இது வேற எண்டு சொல்லியிருக்கோணும். வீட்டில என்ன மருந்து குடுக்கிறீங்கள் எண்டு கேட்டிருக்கோணும். குறை எங்களில" எண்டன்.

சொல்லிப்போட்டு வாயை மூடிக்கொண்டன். பிள்ளையள், வாயை மூடுறது எனக்கு எவ்வளவு கஷ்டம் எண்டு என்னோட வேலை செய்த ஆக்களைக் கேளுங்கோ.

அவர் கிட்ட வந்தார். பிறகு அந்தப் போத்தலைப் பெடியன்ர கையில இருந்து வாங்கி வெளிச்சத்தில பிடிச்சுப் பாத்தார்.

"நான் தானே மிஸ் வாங்கிட்டு வாறது" எண்டார். "கொட்டாஞ்சேனையில பாமசில. சம்பளம் எடுத்ததும் மொத வேலையா பெரிய டின்னா பாத்து வாங்கிட்டு வருவேன்."

தாய் அப்பத்தான் அழுதா.

ஆனால் வான் வெளியில நிக்குது. அவரும் லேசில விடுற ஆளில்லை. "இது மட்டும் தான் காரணம்னு எப்பிடித் தெரியும் மிஸ்? இதும் குடிச்சு, அதும் குடிச்சா?" எண்டு கேட்டார். நியாயமான கேள்வி. எனக்குத் தெரியாது எண்டு உள்ளதைச் சொன்னன். "நான் டொக்டரிட்ட போட்டு வாறன். அது வரைக்கும் எங்கயும் போகாதேங்கோ" எண்டு போத்தலையும் எடுத்துக்கொண்டு ஓடினன்.

டொக்டர் வேற ஒரு பிள்ளையைப் பாத்துக்கொண்டிருந்தார். போத்தலை மேசையில வைச்சன். உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு நக்கிப் பாத்தவர், கதிரையில சாய்ஞ்சிட்டார். "இருந்தாலும் மிஸ், வார்டில போட்டுப் பாக்கிறதுதான் பாதுகாப்பு" எண்டார். வார்டில போட்டால் தகப்பன் மிச்சத்தை முடிவு பண்ணிப்போடுவார், சோதனையும் போயிடும், இதை நிப்பாட்டிக் கொஞ்சக் காலம் பாப்பம், இடையில இடையில ரத்தம் எடுப்பம் எண்டு கெஞ்சினன். "பிழையாப் போனால்?" எண்டு கேட்டார். "பிழையாப் போனால் என்ர பேரைச் சொல்லுங்கோ" எண்டன். பெரிய வீரம் எண்டு நினைக்காதேங்கோ, வேற வழி தெரியேல்ல. அவர் யோசிச்சார். பிறகு தலையாட்டினார். அந்த மனிசன் அவசரக்காரன் எண்டு சொன்னன், பிடிவாதக்காரன் எண்டு சொல்லேல்ல.

திரும்பி வந்தால் அறை வெறுமன. உடுப்புப் பையும் இல்லை.

எப்பிடிப் படியால இறங்கினனோ தெரியாது. என்ர உடம்புக்கு நான் ஓடுற ஆளே இல்லை. வாசலடியில வானின்ர கதவு திறந்திருந்தது. பெடியன் பையைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு அதுக்குப் பக்கத்தில நிண்டான். தகப்பன் உள்ளுக்குத் தலையை விட்டு மச்சானோட சிங்களமும் தமிழுமாச் சண்டை. பக்கத்தில போகத்தான் விளங்கினது, அவர் மச்சானைப் போகச் சொல்லுறார். மச்சான் வந்த செலவுக்கு நியாயம் கேக்கிறான். கடைசியில கதவை அடிச்சுச் சாத்திப்போட்டு வான் போச்சு. எனக்கு மூச்சு வந்தது.

"சோதன எழுதட்டும் மிஸ்" எண்டார். "ஒங்க பேச்ச நம்புறேன். ஆனா அடுத்த ரிப்போர்ட் வாற வரைக்கும் வாய மட்டும் ஊதச் சொல்லுவேன். அத விட மாட்டேன்."

பெடியன் எங்கட ரெண்டு பேரையும் பாத்தான். வேண்டாம் எண்டு சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை. ஆனால் வானைத் திருப்பின மனிசனிட்ட அதுக்கு மேல இழுத்தால் கயிறு அறுந்திடும் எண்டு பயந்தன். அண்டைக்கு அந்தப் பிள்ளைக்காக அதை விட்டுக் குடுத்தன். சரியோ பிழையோ, நீங்களே யோசியுங்கோ.

பிறகு தாயோட இருந்து கதைச்சன். முட்டை குடுங்கோ, மீன் குடுங்கோ, மரக்கறி குடுங்கோ, தாகத்துக்கு வெறும் தண்ணி. அவா நம்பேல்ல. "ஈரலுக்கு முட்டையா மிஸ்?" எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டா. போன் நம்பரைக் குடுத்தன். ஒவ்வொரு நாளும் எடுப்பா. பொரிச்ச மீன் ஒரு துண்டு குடுக்கலாமோ, சுண்டல் போடலாமோ எண்டு கேப்பா. நானும் சலிக்காமல் சொல்லுவன், சொல்லிப்போட்டு வீட்டில எரிஞ்சு விழுவன். அந்தக் கிழமைகள் எனக்குச் சோறு இறங்கேல்ல. பெடியன் உண்மையிலயே குடிச்சுக்கொண்டிருந்தால்? நான் ஒரு எறும்பு வரிசையை நம்பி ஒரு வருத்தத்தை வளர விட்டிருந்தால்? சோதனை நடந்த நாட்களிலயும் பின்னேரம் வாசலில நிண்டு அவன் ஊதினதாத் தாய் சொன்னா.

சோதனை முடிஞ்ச கையோட வந்தினம், தாயும் பெடியனும். தகப்பன் வேலையில இருந்து நேரே வாறதெண்டு சொல்லியிருந்தார். ரிப்போர்ட் டொக்டரின்ர கையில. அவர் என்னையும் கூப்பிட்டார். பாத்துக்கொண்டே இருந்தார், ஒண்டும் சொல்லுறார் இல்லை. மேசையைத் தட்டி, "சொல்லுங்கோ டொக்டர்" எண்டு அதட்டியே போட்டன்.

"இறங்கியிருக்கு மிஸ். நல்லா இறங்கியிருக்கு."

தாய் கையெடுத்துக் கும்பிட்டா. பெடியன் சிரிக்கேல்ல. எடையும் கொஞ்சம் குறைஞ்சிருந்தது. டொக்டர் அவனிட்ட, தமிழில, தட்டித் தடவி, "மன்னிக்கோணும் தம்பி" எண்டார். அப்பிடிச் சொல்லுற டொக்டர்மாரை நான் கனபேரைக் காணேல்ல. முழுக்கச் சுகமாக இன்னும் காலம் எடுக்கும், விடாமல் பாக்கோணும் எண்டதையும் சொல்லிவிட்டார்.

வெளியில நோயாளர் காத்திருக்கிற வாங்கிலில வந்து இருந்தம். அப்பத்தான் தகப்பன் வந்தார். துறைமுகத்துத் தூசி சட்டை முழுக்க, வேர்த்து விறுவிறுத்து, அரை ஓட்டமா வந்தார். தூரத்திலயே மனிசியின்ர முகத்தைப் பாத்திட்டார். விசயம் விளங்கிட்டுது. ஓடி வந்து பெடியனுக்கு முன்னால நிண்டார், ஏதோ சொல்லக் குனிஞ்சார்.

தகப்பன்ர முகம் கிட்ட வந்ததைக் கண்ட உடனே ரொஷான் எழும்பி நிண்டு, வாயைத் திறந்து, ஊதினான்.

ஒருத்தரும் ஊதச் சொல்லேல்ல. அவன் தானாத்தான் ஊதினான். வாசலில நிக்கிற மாதிரியே கையை ரெண்டு பக்கமும் விட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஊதினான்.

அந்த மனிசன் மணந்து பாக்கேல்ல. தன்ர உள்ளங்கையை எடுத்துப் பிள்ளையின்ர வாயில மெதுவா வைச்சு மூடினார். "வேணாம் மகன்" எண்டார். "வேணாம்."

வாங்கில்களில இருந்த சனம் எல்லாம் பாத்தது. அவர் கையை எடுக்கேல்ல.